பூமிக்கு ஒரு முழுக் கிண்ணம்

நிக்கானோரால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல்கள் துளையைத் தேடித் தேடித் தவறின. கசிமிரா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை. பம்பளிமாஸைக் குறுக்கே அறுத்துத் தம்ளரில் பிழிந்தாள். விதைகளை விரலால் எடுத்துப் போட்டாள்.

"குடி."

"கசக்குது, கிழவி."

"கல்லீரலுக்குக் கசப்புதான் நல்லது. குடி."

அவன் மாத்திரைகளை நாக்கில் வைத்துக்கொண்டு தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். விளிம்பு பல்லில் பட்டுத் தாளம் போட்டது. தம்ளரைத் திரும்ப வாங்கும் சாக்கில் அவள் குனிந்து அவன் வாயை மோந்தாள்.

"என்ன கிடைச்சுது?" என்றான் அவன்.

"பம்பளிமாஸ்."

கசிமிரா சிச்சா காய்ச்சி விற்பவள். மக்காச்சோளத்தை முளைகட்டி, அரைத்து, காய்ச்சி, பானையில் புளிக்க வைக்கும் கள் அது. வாசல் கம்பில் வெள்ளைத் துணி பறந்தால் பானை திறந்திருக்கிறது என்று புனாட்டா சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஒருவன் யார் வீட்டுச் சிச்சாவைக் குடித்தான் என்பதை அவன் பேசும்போதே மோந்து சொல்லிவிடுவாள். நிக்கானோர் வாயில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் கை நடுங்கியது. கால் தள்ளாடியது. முகம் புகை படிந்த பானைபோல நீலம் பாரித்திருந்தது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றான். நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் அவள் முன்பே பார்த்திருக்கிறாள். அப்போது அவன் குடித்துக்கொண்டிருந்தான்.

பாதி வாழ்க்கையைக் குடித்தே தீர்த்தவன். நிறுத்த வைத்தது நெஞ்சு. மண்சுவர் வெடிப்பில் வாழும் வின்சூகாப் பூச்சி சிறுவயதில் கடித்திருந்தது. அது விட்டுப்போன நோய் நரை விழும் வயதில் இதயத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் பழைய மண்வீட்டில் பிறந்த பலருக்கும் அப்படித்தான். ஒரு திருவிழாவில் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தான். நகரத்து இதய டாக்டர், துடிப்பைச் சீராக்க என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இனிக் குடித்தால் சவப்பெட்டிதான் என்றார்.

விட்டான். விட்ட அந்த முதல் வாரத்தைக் கசிமிராவால் மறக்க முடியாது. வேர்வையில் மெத்தை ஊறியது. சுவரெல்லாம் எறும்பு என்று கத்தினான். அவளையே அடையாளம் தெரியாமல் கை ஓங்கினான். எல்லாம் அடங்கிய பிறகு அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"இந்த ஒரு தடவ பாத்துக்கிட்டேன். மறுபடி தொட்டா, நான் சாந்தா க்ரூஸுக்கு நெல்விகிட்டப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

நெல்வி அவர்கள் மகள். அவள் வீட்டில் அம்மாவுக்கென்று ஓர் அறை காலியாக இருந்தது.

இரண்டு வருடம் நன்றாகப் போனது. போன கல்லறைத் திருநாளுக்குப் பிறகு நடுக்கம் தொடங்கியது. சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். படிப்பு முடித்து ஒரு வருடக் கிராம சேவைக்கு வந்திருந்த இளம் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்லீரல் கெட்டிருக்கிறது என்றாள்.

"குடிக்கிறீங்களா?"

"இல்ல" என்றான் நிக்கானோர்.

அந்த அறைக்கு வரும் குடிகாரர்களில் அப்படிச் சொல்லாதவர்கள் யாரும் இல்லை. டாக்டரம்மா கசிமிராவைப் பார்த்தாள்.

"குடிக்கிறாரு, டாக்டர்" என்றாள் கசிமிரா.

பேச்சு அத்தோடு முடிந்தது. திரும்பி வரும்போது வேனில் அவன் அவளை விட்டுத் தள்ளி முன் சீட்டில் உட்கார்ந்தான். அன்றிலிருந்துதான் அவள் பம்பளிமாஸ் பிழியத் தொடங்கினாள். கல்லீரலைக் கழுவ அதைப்போல எதுவும் இல்லை என்று அவள் அம்மா காலத்திலிருந்து சொல்வது. அவன் குடிக்கிறானோ பொய் சொல்கிறானோ, கல்லீரல் கல்லீரல்தானே. ஆனால் நாளாக ஆக நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. ரோஷத்தில் இன்னும் அதிகமாகக் குடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

*

செவ்வாய்க்கிழமை சந்தை. முற்றத்து பெஞ்சுகளில் இடமில்லை. வேலியோர நிழலில் இலாரியோன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நெல்விக்கு ஞானத்தந்தை அவன். அதனால் அவனும் நிக்கானோரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, கசிமிரா அவனுக்குக் கொமாத்ரே. கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேல். கூடப்பிறந்தவனைவிட அதிகம் குடிப்பவன்.

"வா கொம்பாத்ரே. என் பேருல ஒண்ணு" என்று சுரைக் கிண்ணத்தை நீட்டினான்.

நீட்டிய கிண்ணத்தை மறுக்கக்கூடாது. முதலில் பூமித்தாய்க்குக் கொஞ்சம், மிச்சம் தொண்டைக்கு. குடியை விட்ட நாளிலிருந்து நிக்கானோர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். கிண்ணத்தை வாங்குவான், முழுவதையும் மண்ணில் ஊற்றுவான். பூமிக்குக் கொடுத்ததை யார் குறை சொல்வது? இன்றும் ஊற்றினான். பாதி அவன் காலிலேயே விழுந்தது.

"பாவம் பூமித்தாய்" என்றான் இலாரியோன். "இந்த முற்றத்துல அவ ஒரு நாளாவது தெளிஞ்சு இருந்திருப்பாளா?"

"அதான் இவரு நடக்கறப்ப பூமி ஆடுது" என்றான் உருளைக்கிழங்கு விற்கிற ஒருவன்.

பெஞ்சுகள் சிரித்தன. நிக்கானோரும் சிரித்தான். அடுத்த மேசைக்குப் போகவேண்டிய ஜாடியை எடுத்துக்கொண்டு திரும்பினான். வாசற்படி ஒன்று அங்கே இருப்பதை அவன் கால் மறந்துவிட்டது. ஜாடி உடைந்தது. சிச்சா முற்றத்தில் ஓடியது. அவன் அதன் நடுவில் கைகளை ஊன்றிக் கிடந்தான்.

"பூமியும் மட்டை, கொம்பாத்ரேவும் மட்டை" என்றான் இலாரியோன். "இப்ப யார யாரு தூக்கி விடறது?"

தூக்கிவிட்டதும் அவன்தான். கசிமிரா ஓடுகளைப் பொறுக்கினாள். ஊற்றுவதெல்லாம் எனக்குக் காட்டும் நாடகம் என்று நினைத்தாள். பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் எங்கோ கரும்புச் சாராயத்தை ஒளித்து வைத்திருக்கிறான். அதில்தான் வாசனை தங்காது.

கடைசி ஆளும் போன பிறகு வெள்ளைத் துணியை இறக்கி மடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை பஸ்ல போறேன்" என்றாள்.

நிக்கானோர் பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "கால் மரத்துப் போச்சு. செருப்பு கழண்டா தெரிய மாட்டேங்குது."

"நெல்விகிட்டப் பேசிட்டேன்."

"நான் குடிக்கல, கசி."

"முன்னயும் இதத்தான் சொன்ன. இதே பெஞ்சுல, இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு."

அவன் யோசித்தான். "முன்ன சொன்னது பொய்."

"இப்ப?"

"இப்ப நெசம். ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும். நான் என்ன பண்ண?"

அவள் மடித்த துணியைப் பெஞ்சில் வைத்தாள். சண்டை போடவும் தெம்பு வேண்டும்.

"என்னைப் பூட்டு" என்றான் அவன்.

"என்னது?"

"மாவு அறையில போட்டுப் பூட்டு, ஞாயிறு வரைக்கும். சாவிய உன் கழுத்துல மாட்டிக்க. நீ குடுக்கறதத் தவிர ஒண்ணும் உள்ள வராது. குடிகாரன்னா ரெண்டு நாள்ல ஆட்டம் காட்டிடுவேன். உனக்குத் தெரியாததா?"

"பைத்தியமா உனக்கு?"

"பூட்டு, கிழவி. அப்புறம் போ."

சோள மாவு வைக்கும் அறை அது. ஒரு கதவு, கம்பி போட்ட ஒரு ஜன்னல். அவள் மூட்டைகளைத் தள்ளி மெத்தை போட்டாள். மூலைமூலையாகக் கைவிட்டுத் துழாவினாள். அவன் பைகளையும் துழாவினாள். அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், சோதனைச் சாவடியில் நிற்பவன்போல.

பூட்டினாள்.

*

புதன்கிழமை முழுதும் அவள் வேர்வைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

"எறும்பு ஏதாவது தெரியுதா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"எறும்பு இல்ல. எலிதான். அது நல்லாத் தூங்குது, நான்தான் தூங்கல."

சூப் கொண்டு போனாள், வேகவைத்த உருளைக்கிழங்கு கொண்டு போனாள். மாத்திரையைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தாள். பூட்டிக் கிடக்கும்போதாவது கல்லீரல் நன்றாகக் கழுவட்டும் என்று பம்பளிமாஸை மாலையிலும் பிழிந்தாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். இரண்டாம் நாள் அவனால் கரண்டியை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. சூப் கழுத்தில் வழிந்தது. அவள் கரண்டியை வாங்கி ஊட்டினாள்.

ஊரில் கேட்டவர்களிடம் அவர் கொச்சபம்பா நகரத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தாள்.

வியாழன் மதியம் பன்றிகளுக்குச் சிச்சா வண்டலை வாளியில் கொண்டு போனாள். கொட்டிலுக்குப் பின்னால் நின்றால் மாவு அறை ஜன்னல் தெரியும். அங்கே இலாரியோன் நின்றிருந்தான்.

"கொம்பாத்ரே, உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"நீ கொச்சபம்பா போயிருக்கறதா கொமாத்ரே சொல்றாங்க. கொச்சபம்பா மாவு அறைக்குள்ள இருமறத நானே கேட்டேன்."

"நானாத்தான் பூட்டச் சொன்னேன்."

"எல்லாப் புருஷனும் அப்படித்தான் சொல்லணும்." இலாரியோன் மேலங்கிக்குள்ளிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தான். வரும் வழியில் பாதி அவன் சட்டை குடித்திருந்தது. கீழே மறைத்து வைத்திருந்த ஜாடியிலிருந்து அதை நிரப்பினான். "இந்தா. அவங்க பன்றிக்கிட்டப் போயிருக்காங்க. பாக்க மாட்டாங்க."

கம்பிகளுக்கு இடையே ஒரு கை நீண்டது. கிண்ணம் கைமாறியது.

கசிமிரா வாளியைப் பிடித்தபடி நின்றாள். பன்றிகள் அவள் பாவாடையை முட்டின.

குடி, என்று நினைத்தாள். அவளுக்கே அது தெளிவாகக் கேட்டது. குடித்துவிடு. பை கட்டி வைத்திருக்கிறேன். குடித்தால் எல்லாம் முடியும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, நெல்வி வீட்டில் போய் ஒரு வாரம் படுத்துத் தூங்குவேன்.

கிண்ணம் வெளியிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு கவிழ்ந்தது. சிச்சா சுவரோர மண்ணில் விழுந்து, நுரை நின்று, உள்ளே போனது.

"அட, யாரும் பாக்கலையே!" என்றான் இலாரியோன்.

"தெரியும்."

"பின்ன எதுக்கு ஊத்தின?"

"நீ குடுத்த. வேணாம்னு சொல்ல முடியுமா?"

"உன்னோட குடிக்கறதுக்குப் பதிலா பாதிரியாரோட குடிக்கலாம். அவராவது முழுங்குவாரு."

கசிமிரா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். சந்தோஷம் வரும் என்று ஒரு கணம் பார்த்தாள். வரவில்லை. குடி இல்லை என்றால் பிறகு என்ன? அறையில் பூட்டு. சாவி கழுத்தில். நடுக்கம் உள்ளேயே வளர்ந்தது. உள்ளே போனதெல்லாம் அவள் கையால் போனது.

*

வெள்ளி காலை பூட்டைத் திறந்தாள். அவன் சட்டைப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுவிட்டாள். முதல் வேனில் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள்.

"டாக்டர், போன தடவ நான் சொன்னது தப்பு" என்றாள். "இவரு குடிக்கல."

"எப்படித் தெரியும்?"

"பூட்டி வச்சுப் பாத்தேன்."

டாக்டரம்மா வேடிக்கையா என்று இருவர் முகத்தையும் பார்த்தாள். வேடிக்கை இல்லை.

"வேர்வை, உளறல்?"

"ஒண்ணும் இல்ல. அது எனக்கு நல்லாத் தெரியும், ஒரு தடவ பாத்தவ நான். நடுக்கம் மட்டும் கூடிடுச்சு."

அவனைக் கையை நீட்டச் சொன்னாள் டாக்டரம்மா. கோட்டில் நடக்கச் சொன்னாள். பிறகு படுக்க வைத்துப் பாதத்தில் ஊசி முனையை வைத்தாள்.

"குத்துறது தெரியுதா?"

"குத்துறீங்களா?" என்றான் நிக்கானோர்.

அவள் நிமிர்ந்தாள். "நெஞ்சுக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

கசிமிரா பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அமியோடரோன். காலையில் இரண்டு. தொடக்கத்திலிருந்தே இரண்டு.

"கொஞ்ச நாள்ல குறைக்கணும்னு அந்த டாக்டர் சொல்லலியா? ரத்தம் பாக்க வரச் சொல்லலியா?"

"வரச் சொன்னாரு" என்றான் நிக்கானோர். "நல்லா இருந்தேன். நல்லா இருக்கறவன் எதுக்கு டாக்டர்கிட்டப் போகணும்? மருந்துக் கடையில கேட்டா குடுக்கறாங்க."

"மாத்திரைய எதோட போடுவீங்க? தண்ணியா?"

"பம்பளிமாஸ் சாறு" என்றாள் கசிமிரா. "வெறும் வயித்துல, நான்தான் பிழிஞ்சு குடுப்பேன். பூட்டி வச்சிருந்தப்ப சாயங்காலமும் குடுத்தேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

அவள் சொன்னதைக் கசிமிரா கேட்டுக்கொண்டாள். அந்த மாத்திரை உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். கொழுப்பில், கல்லீரலில், தோலில், நரம்பில். கல்லீரலைக் கெடுக்கும், குடித்துக் கெட்ட கல்லீரல் மாதிரியே தெரியும். நரம்பில் இறங்கினால் கை நடுங்கும், கால் மரக்கும். வெயில் பட்ட தோல் நீலமாகும். விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பம்பளிமாஸ் அதை உடம்பு உடைக்க விடாமல் தடுத்து, ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏற்றிவிடும்.

"சாறு மட்டும் காரணம் இல்ல" என்றாள் டாக்டரம்மா. "ரெண்டு வருஷமா அளவு குறைக்காததுதான் பெரிசு. சாறு அதுக்கு மேல. நானும் போன தடவ மாத்திரையக் கேட்டிருக்கணும். சிச்சா விக்கற வீடுன்னதும் முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப மாத்திரைய நிறுத்திடலாமா?"

"நாமளா நிறுத்தினா நெஞ்சு மறுபடி தடம் மாறலாம். இருங்க."

நகரத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். நீண்ட நேரம் பேசினாள், பெரும்பாலும் "சரி டாக்டர்" என்றே. திரும்பி வந்து சொன்னாள். திங்கள் வரை பாதி அளவு. திங்கள் காலை நகரத்துக்குப் போகவேண்டும். அங்கே பார்த்து வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். பம்பளிமாஸ் இனி வீட்டுக்குள்ளேயே வேண்டாம்.

"இது போயிடுமா?" நிக்கானோர் கையை நீட்டிக் காட்டினான்.

"போகும். மெதுவா. உடம்புல சேந்தது வெளிய போக மாசக் கணக்காகும். கல்லீரலும் தேறும்னு நினைக்கிறேன்."

"கால்?"

"கால் கொஞ்சம் அப்படியே நின்னுடலாம். இப்பச் சொல்ல முடியாது."

*

வேனுக்காக வெளியே திண்டில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. கசிமிரா தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தாள். பெண்கள் போடும் வெள்ளைத் தொப்பி. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"என் கையால ஊத்தியிருக்கேன் உனக்கு" என்றாள்.

"கசக்குதுன்னு சொன்னேன்."

"சொன்ன."

ஒரு வேன் நிறைந்து போனது. அவர்கள் அதற்குக் கை காட்டவில்லை.

"நேத்து ஜன்னல்ல பாத்தேன்" என்றாள். "கிண்ணத்த."

அவன் திரும்பிப் பார்த்தான். தொப்பி விளிம்புக்குக் கீழே முகம் சாம்பல் நீலமாக இருந்தது.

"குடிச்சிடுன்னு நெனச்சேன்" என்றாள் அவள். "அங்கயே நின்னுக்கிட்டு, குடிச்சிடுன்னு நெனச்சேன்."

அவன் கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பிடித்தான். அப்படிப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும்.

"நானும்தான்" என்றான்.

அடுத்த வேன் வந்தது. ஏற உதவ அவள் எழுந்தாள்.

"ஞாயித்துக்கிழமை பஸ்?" என்று கேட்டான்.

"திங்கக்கிழமை டாக்டர்."

வீட்டில் கூடை நிறையப் பம்பளிமாஸ் மிச்சம் இருந்தது. கசிமிரா அதைக் கொட்டிலுக்குத் தூக்கிப் போய்க் கொட்டினாள். பழங்கள் உருண்டன. பெரிய பன்றி ஒன்றை மோந்து பார்த்துவிட்டு, தொட்டியில் நேற்றைய வண்டலுக்குள் மூக்கை விட்டது.

நிக்கானோர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "இந்த வீட்டுல அது ஒண்ணுதான் குடிக்குது. அத யாரும் மோந்து பாக்கறதில்ல."

அவளுக்குச் சிரிப்பு பாதி வந்து நின்றது. உள்ளே போனாள். கட்டி வைத்த பை கட்டில்மேல் இருந்தது. அவிழ்த்து, ஏப்ரனை மட்டும் எடுத்துக் கட்டிக்கொண்டாள். மற்றதை எடுத்து அடுக்கத் தெம்பில்லை. பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பானைகளைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியை ஏற்ற வேண்டும். இலாரியோன் வருவான், கொச்சபம்பாவில் மழையா என்று கேட்பான்.

"கிழவி" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "என் செருப்பு கால்ல இருக்கா பாரு."

வாசலுக்கு வந்து பார்த்தாள். ஒன்று கொட்டில் வாசலிலேயே கிடந்தது. அவன் வெறும் பாதத்தோடு முள் கிடக்கும் பாதையில் வந்துகொண்டிருந்தான்.

"இல்ல" என்றாள். "அங்கயே நில்லு."

செருப்பை எடுத்துவரப் போனாள்.